தோல் மூடினால் போதுமா? டாக்டர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோவின் கதை



பயோடெக், பயோமெடிக்கல் படிக்கிறவங்களுக்கு வளர்ச்சிக் காரணி என்ற பெயர் புதுசா இருக்காது. நம் உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்தி அது. புரத வடிவத்தில் இருக்கும். பெருகு, நகர்ந்து போ, புது ரத்தக் குழாய் போடு என்று அது சொல்லும். செல் கேட்டு நடக்கும். இன்றைக்கு அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்து, ஜெல்லாகவும் ஸ்பிரேயாகவும் தீக்காயங்களில் போடுகிறார்கள்.

மெக்கானிக்கல், இசிஇ நண்பர்களே, இது நமக்கில்லைன்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. இந்தக் கதையில் போர் விமானம் இருக்கு, பெட்ரோல் டேங்க் இருக்கு, கடல் இருக்கு, பீர் பீப்பாய்கூட இருக்கு!

நாம் பார்க்கப்போகிறவர் வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்தவர் இல்லை. தோலுக்கான வளர்ச்சிக் காரணி தனியாகப் பிரித்தெடுக்கப்படும் முன்பே இறந்துபோனவர். ஆனாலும் தீக்காயம் எப்படி ஆறுகிறது, ஆறுவது என்றால் என்ன என்ற 2 கேள்விகளுக்கும் அவர் சொன்ன பதில் இன்றைய ஜெல் டப்பாவையும் தாண்டிப் போகிறது. அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ.

டுனிடினில் இருந்து லண்டன் வரை

நியூசிலாந்தின் தென் கோடியில் டுனிடின் என்று ஒரு ஊர். அங்கே 1900 மே 4 அன்று மெக்கிண்டோ பிறந்தார். அப்பா அச்சகம் நடத்தியவர். அம்மா மேபல் ஹில் ஓவியர். வீட்டில் 4 பிள்ளைகள். மெக்கிண்டோவுக்கு 16 வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்.

ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1924-இல் டாக்டர் ஆனார். அடுத்து அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ கிளினிக்கில் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு வந்தது. அதில் ஒரு சிக்கல். அந்த உதவித்தொகை திருமணம் ஆகாதவர்களுக்கு மட்டும்தான். மெக்கிண்டோவோ அந்த வருடம்தான் அடோனியா என்ற பெண்ணைத் திருமணம் செய்திருந்தார். விஷயத்தை மறைத்துவிட்டு, மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறினார். தைரியமும் கொஞ்சம் திருட்டுத்தனமும் கலந்த ஆள் என்பது அப்போதே தெரிகிறது இல்லையா? இந்தக் குணம் பின்னால் அவருக்கு ரொம்ப உதவப்போகிறது.

மேயோ கிளினிக்கில் கல்லீரல் பற்றி ஆராய்ச்சி செய்து நல்ல பெயர் வாங்கினார். அவருடைய திறமையைப் பார்த்த மொய்னிஹன் என்ற பெரிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் இங்கிலாந்துக்கு வரச் சொன்னார். நம்பிக்கையோடு லண்டன் போய் இறங்கினால், எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. கையில் காசில்லை, குடும்பம் வேறு கூட இருக்கிறது. அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சர் ஹரால்ட் கில்லிஸ். மெக்கிண்டோவுக்கு உறவுக்காரர். அவரும் டுனிடினில் பிறந்தவர்தான். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குப் புது முகம் அமைத்துக் கொடுத்து, பிளாஸ்டிக் சர்ஜரியைத் தனித் துறையாக வளர்த்தவர்.

கல்லீரல் டாக்டர் அப்படித்தான் தோல் டாக்டர் ஆனார். திட்டம் போட்டு வந்த துறை இல்லை. வேறு வழியில்லாமல் வந்த துறை. கேம்பஸ் பிளேஸ்மெண்டில் கேட்ட துறை கிடைக்காமல் வருத்தப்படுகிறவங்க இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1938-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பிளாஸ்டிக் சர்ஜரி ஆலோசகர் ஆனார். அந்தச் சமயம் பிரிட்டன் முழுக்கத் தேடினாலும் முழுநேர பிளாஸ்டிக் சர்ஜன்கள் 4 பேர்தான். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், லண்டனுக்குத் தெற்கே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறிய ஊரில் இருந்த குயின் விக்டோரியா மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

85 கேலன் பெட்ரோலுக்குப் பின்னால்

1940 கோடைக்காலம். இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மன் விமானங்களும் பிரிட்டிஷ் விமானங்களும் மோதிக்கொண்ட காலம். பிரிட்டிஷ் பைலட்டுகளில் நிறையப் பேருக்கு 20 வயதுதான் இருக்கும். கிட்டத்தட்ட நம்ம வயசு.

அவர்கள் ஓட்டிய ஸ்பிட்ஃபயர் விமானத்தின் வடிவமைப்பைப் பாருங்க. முன்னால் எஞ்சின். பின்னால் பைலட். இரண்டுக்கும் நடுவில் சுமார் 85 கேலன், அதாவது ஏறத்தாழ 385 லிட்டர் பெட்ரோல். எடைச் சமநிலைக்காகப் பார்த்தால் அந்த இடம் சரிதான். ஆனால் டேங்கில் குண்டு பட்டால் தீ நேராக பைலட் மடியில் வந்து விழும். ஹரிக்கேன் விமானத்திலும் அதே ஆபத்து. இறக்கைகளின் அடியில் டேங்க், பைலட்டுக்கு முன்னால் இன்னொரு டேங்க். தப்பிப்பதற்கு மேல் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து தீயை இன்னும் கிளப்பிவிடும்.

சில வினாடிகள்தான். அதற்குள் வெளியே குதித்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் உடை மூடாத இடமெல்லாம் கருகிப்போகும். கையுறை போட்டால் பிடிமானம் சரியாக இருக்காது, கண்ணாடி போட்டால் பார்வை மறைக்கும் என்று பலர் அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். அதனால் முகமும் இரண்டு கைகளும் ஒரே மாதிரி எரிந்த இளைஞர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் இதற்கு விமானி தீக்காயம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

காயத்தைப் பதனிட்ட மருந்து

அன்றைக்குத் தீக்காயத்துக்கு எல்லோரும் போட்ட மருந்து டானிக் அமிலம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்பு இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். மாட்டுத்தோலைப் பதனிட்டுச் செருப்புத் தோலாக மாற்றும் பொருள். 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் டேவிட்சன் என்ற டாக்டர் அறிமுகப்படுத்தினார். தீக்காயத்தின் மேல் போட்டால் அது கெட்டியான கறுப்பு ஓடாக இறுகிவிடும். உடம்பில் இருந்து நீர் வெளியே கசிந்து போவது குறையும். தீக்காயத்தில் முதல் சில நாட்களில் உயிர் போவதற்கு நீர் இழப்பு முக்கியக் காரணம் என்பதால், இதை முட்டாள்தனமான யோசனை என்று சொல்லிவிட முடியாது. உயிர்களைக் காப்பாற்றியதாக நம்பித்தான் எல்லா இடத்திலும் போட்டார்கள்.

ஆனால் முகத்திலும் கையிலும் அந்த ஓடு என்ன செய்தது? விரல்களைச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தையே நெரித்தது. விரல்கள் உள்ளே மடங்கி, பறவை நகம் போல நின்றுவிட்டன. ஓட்டுக்கு அடியில் சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. கண் இமையில் போட்டால் இமை இறுகி மேலே இழுத்துக்கொள்ளும். கண்ணை மூட முடியாமல் கருவிழி காய்ந்து பார்வையே போகும் அபாயம். தோல் வழியாக உள்ளே போகும் டானிக் அமிலம் கல்லீரலையும் கெடுக்கும் என்று கொஞ்ச காலம் கழித்துத்தான் தெரிந்தது.

ரிச்சர்ட் ஹிலரி என்ற பைலட்டை எடுத்துக்கோங்க. 1940 செப்டம்பர் 3 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, எரிந்த முகத்தோடும் கைகளோடும் கடலில் விழுந்தார். மீட்புப் படகு வந்து காப்பாற்றியது. அவர் கைகளிலும் டானிக் அமிலம்தான் போட்டார்கள். விரல்கள் மடங்கிப்போய்தான் மெக்கிண்டோவிடம் வந்து சேர்ந்தார். இமைகளும் இல்லை.

கடலில் விழுந்தவர்கள்

இங்கேதான் மெக்கிண்டோ ஒரு விஷயத்தைக் கவனித்தார். பாராசூட்டில் தரையில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். கடலில் விழுந்து, உப்புத் தண்ணீரில் மிதந்து, பிறகு மீட்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தீக்காயம். ஆனால் கடலில் கிடந்தவர்களின் காயம் சுத்தமாகவும் மென்மையாகவும் இருக்கிறது, நன்றாகவும் ஆறுகிறது!

யாரும் திட்டமிட்டு நடத்தாத சோதனை அது. தரவு எல்லா மருத்துவமனைகளிலும் கண் முன்னாடியே கிடந்தது. பார்த்து, ஏன் என்று கேட்டவர்கள் சிலர்தான்.

மெக்கிண்டோ கடல் தண்ணீரை அப்படியே வாளியில் கொண்டுவரச் சொல்லவில்லை. கடலில் உப்பு சுமார் 3.5 சதவீதம், நம் ரத்தத்துக்கு ஈடான உப்புநீரில் 0.9 சதவீதம்தான். உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டிகளை மருத்துவமனையில் அமைத்தார். நோயாளியை அதில் இறக்கினால், காயத்தில் ஒட்டியிருக்கும் கட்டுத்துணி பிய்த்து எடுக்காமல் தானாகவே மிதந்து வரும். வலி குறைவு. புதிதாக முளைத்த மெல்லிய தோலும் பிய்ந்து போகாது. தண்ணீருக்குள் விரல்களை ஆட்டிப் பயிற்சியும் செய்யலாம். வெளியே வந்ததும் வாசலின் தடவிய வலைத்துணியும் சல்ஃபா மருந்தும் போட்டு, காயத்தை ஈரம் காயாமல் மூடிவைப்பார்கள்.

அதோடு நிற்கவில்லை. டானிக் அமிலத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை போட்டார். மூத்த டாக்டர்கள் பல வருடங்களாக நம்பி வந்த மருந்து அது. எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? ஆனால் எரிந்த கைகளே சாட்சி சொல்லின. 1940 முடிவதற்குள் முகத்திலும் கையிலும் டானிக் அமிலம் போடுவது தடை செய்யப்பட்டது.

நடந்து போகும் தோல்

காயம் ஆறுவது முதல் கட்டம். முகம் வருவது அடுத்த கட்டம்.

தோல் முழு ஆழத்துக்கு எரிந்துவிட்டால் அந்த இடத்தில் தோல் தானாக முளைக்காது. வேறு இடத்தில் இருந்து எடுத்து ஒட்ட வேண்டும். இமைக்குக் கையின் உட்புற மெல்லிய தோல் சரியாக இருக்கும். மூக்கு மாதிரி கனமான வேலைக்குக் கில்லிஸ் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. வயிற்றிலோ தோளிலோ ஒரு பட்டையாகத் தோலைக் கிளப்பி, இரு முனையும் உடம்போடு ஒட்டியிருக்க, நடுப்பகுதியைக் குழாய் மாதிரி சுருட்டித் தைத்துவிடுவார்கள். சில வாரம் கழித்து ஒரு முனையை வெட்டி வேறு இடத்தில் தைப்பார்கள். அங்கே ரத்த ஓட்டம் பிடித்ததும் மறுமுனையை வெட்டி நகர்த்துவார்கள். இப்படிப் படிப்படியாக வயிற்றுத் தோல் முகத்துக்கு நடந்து வரும். பழைய லைனைத் துண்டிக்கும் முன்னால் புது லைனில் சப்ளை வந்துவிட்டதா என்று பார்ப்போமே, அதே கணக்குதான்.

நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்யும் முறையும் உண்டு. உலகம் முழுக்க அதற்கு இந்திய முறை என்றே பெயர். திப்பு சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே ஒருவர் இப்படி மூக்கு அமைத்துக் கொடுத்தார். அந்தச் செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தபிறகுதான் ஐரோப்பிய டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள்.

ஆனால் இதில் எதுவும் ஒரே நாளில் முடியாது. ஒரு முகத்துக்கு 10, 20 அறுவை சிகிச்சைகள். நடுநடுவே மாதக்கணக்கில் காத்திருப்பு. 21 வயதுப் பையன், தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் மூக்கில் தொங்க, 2, 3 வருடம் எப்படி வாழ்வான்? யோசிச்சுப் பாருங்க. மெக்கிண்டோவின் பெரிய வேலையே இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

மூன்றாம் வார்டு

மருத்துவமனையின் பின்பக்கம் மரத்தால் கட்டிய நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் மூன்றாம் வார்டு. ராணுவ மருத்துவமனை என்றாலே கெடுபிடிதான். அதிகாரிக்கு ஒரு வார்டு, சாதாரண வீரனுக்கு ஒரு வார்டு. நோயாளிகள் எல்லோரும் நீல நிற நோயாளி உடை போட வேண்டும். மெக்கிண்டோ அதையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்தார். பதவி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஒரே வார்டு. நீல உடை வேண்டாம், உங்கள் விமானப்படைச் சீருடையையே போடுங்கள் என்றார். வார்டுக்குள்ளேயே பீர் பீப்பாய் ஒன்று வைத்தார். சீழும் எரிந்த சதையும் நாறும் வார்டில் ரேடியோ பாடியது, கிண்டல் பறந்தது. நோயாளிகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து மற்றவருக்கு நடக்கும் அறுவை சிகிச்சையைப் பார்க்கவும் அனுமதித்தார். அடுத்து தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும் அல்லவா?

1941 ஜூலை 20 அன்று அந்த வார்டின் ஆட்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் கினி பிக் கிளப். நம்ம பேச்சில் சொன்னால் சோதனை எலிகள் சங்கம்! தங்கள் மேல்தானே புதுப்புது முறைகளை டாக்டர் சோதித்துப் பார்க்கிறார் என்ற கிண்டல். தலைவர் வேறு யார், மெக்கிண்டோதான். பொருளாளராகக் கால் எரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாதாம். செயலாளர் விரல் எரிந்தவர், நீளமாகக் கூட்டக் குறிப்பு எழுதிக் கழுத்தறுக்க மாட்டாராம். 39 பேரோடு ஆரம்பித்த சங்கத்தில் போர் முடியும்போது 649 பேர். பிற்காலத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானங்களில் போனவர்கள்.

சட்டத்தோடும் ஒரு சண்டை இருந்தது. காயம்பட்ட விமானப்படை வீரர் 90 நாட்களுக்குள் பணிக்குத் திரும்பாவிட்டால் வெளியே அனுப்பிவிடலாம் என்ற விதி. 3 வருட சிகிச்சைக்காரர்களுக்கு 90 நாள் விதி! மெக்கிண்டோ விடாமல் மோதி, சிகிச்சை நடக்கும் காலமெல்லாம் முழுச் சம்பளம் கிடைக்க வழி செய்தார். காயத்துக்கு மருந்து போடுகிறவர் எதற்காகச் சம்பள விதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? கையில் காசில்லாதவன் வெளியே போக மாட்டான், வெளியே போகாதவன் மறுபடி மனிதர்களோடு சேர மாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முறைத்துப் பார்க்காத ஊர்

அடுத்து அவர் ஊர் மக்களிடம் போனார். வீடு வைத்திருப்பவர்கள், கடைக்காரர்கள் எல்லோரிடமும் பேசினார். இந்தப் பையன்கள் தெருவில் வருவார்கள். பயந்து ஒதுங்காதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டாதீர்கள். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், நடனத்துக்குக் கூப்பிடுங்கள். இதுதான் அவர் கேட்டது.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மக்கள் அதைச் செய்தார்கள். இமை இல்லாதவர்களும் காது இல்லாதவர்களும் சினிமா தியேட்டருக்கும் மதுக்கடைக்கும் சாதாரணமாகப் போய் வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் வீடுகளில் விருந்துக்குப் போனார்கள். மருத்துவமனை நர்சுகளையே திருமணம் செய்துகொண்டவர்களும் உண்டு. முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அந்த ஊருக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அந்த ஊரும் போரில் அடி வாங்கியதுதான். 1943 ஜூலை 9 அன்று சினிமா தியேட்டர் மேல் குண்டு விழுந்து 108 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் நிறைய. காயம்பட்ட ஊர் மக்களுக்கு அன்றைக்குச் சிகிச்சை கொடுத்தது அதே மருத்துவமனைதான்.

எல்லாக் கதையும் நல்லபடி முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஹிலரிக்குப் புது இமைகள் வந்தன. அனுபவத்தைப் புத்தகமாக எழுதி 1942-இல் பெரும் புகழும் அடைந்தார். ஆனால் கைகள் சரியாகவில்லை. அப்படியும் மறுபடி பறந்தே தீருவேன் என்று பிடிவாதமாகப் பணிக்குத் திரும்பினார். 1943 ஜனவரியில் இரவுப் பயிற்சியில் விமானம் விழுந்து, 23 வயதில், கூட இருந்த சக வீரரோடு இறந்துபோனார். புது முகம் கொடுத்தாலும், எரிவதற்கு முன்னால் இருந்த ஆளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. மெக்கிண்டோவுக்கு இது தெரியாமல் இல்லை.

அவரும் குறையில்லாத மனிதர் இல்லை. முன்கோபி. வேலை சரியில்லை என்றால் யாராக இருந்தாலும் கத்திவிடுவார். ஓய்வில்லாத வேலையில் குடும்பம் பின்னுக்குப் போனது. முதல் திருமணம் 1953-இல் விவாகரத்தில் முடிந்தது. 1947-இல் சர் பட்டம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ மலைப் பக்கம் பண்ணை வாங்கினார். 1957-இல் மைக்கேல் வுட், தாமஸ் ரீஸ் என்ற 2 டாக்டர்களோடு சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு விமானத்தில் போய் மருத்துவம் பார்க்கும் பறக்கும் டாக்டர் சேவைக்கு அடித்தளம் போட்டார்.

1960 ஏப்ரல் 11 அன்று, 60 வயது நிறையும் முன்பே, தூக்கத்தில் மாரடைப்பு. அவருடைய அஸ்தி லண்டனில் விமானப்படைக்குரிய செயின்ட் கிளமென்ட் டேன்ஸ் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. படையைச் சேராத ஒருவருக்கு அங்கே கிடைத்த அரிய மரியாதை அது.

1962: இரண்டு ஆய்வுக்கட்டுரைகள்

அவர் இறந்து 2 வருடம் கழித்து, ஒரே வருடத்தில் 2 கட்டுரைகள் வந்தன.

ஒன்று, இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் எழுதியது. பன்றித் தோலில் மேலோட்டமான காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்தார். ஈரக் காயத்தில் புதுத்தோல் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் பரவியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் செல் வழி தோண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஈரத்தில் நீந்தாத குறையாக நகர்ந்துவிடுகிறது. டானிக் அமிலம் ஏன் கெடுத்தது, உப்புநீர் ஏன் உதவியது என்பதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்தது.

இன்னொன்று, அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் எழுதியது. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதைப் பிறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டால் மூடிய கண் இமை நாள் கணக்கு முடியும் முன்பே திறந்தது, பல்லும் சீக்கிரம் முளைத்தது. 53 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதம்தான் எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக ஈஜிஎஃப். வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக 1986-இல் கோஹனுக்கும் ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்களும் அங்கே ஓடி வரும் வெள்ளணுக்களும் இப்படிப் பல வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டுகின்றன. தோல் செல் நகர்வது, புது ரத்தக் குழாய் முளைப்பது, கொலாஜன் பின்னுவது எல்லாம் இந்தச் செய்திகளால்தான். செய்தி போய்ச் சேர ஈரம் வேண்டும்.

இதை மருந்தாகப் போட்டால் என்ன ஆகும்? 1989-இல் அமெரிக்காவில் 12 நோயாளிகளிடம், ஒட்டுக்காகத் தோல் எடுத்த இடத்தில் ஈஜிஎஃப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் ஒன்றரை நாள் முன்னதாக ஆறியது. ஒன்றரை நாள்தானா என்று கேட்காதீங்க. உடம்பின் பெரும்பகுதி எரிந்தவருக்குத் தோல் எடுக்க மிஞ்சிய இடமே கொஞ்சம். அது ஆறினால்தான் மறுபடி அங்கே எடுக்க முடியும். சீனாவில் 600 தீக்காய நோயாளிகளிடம் எஃப்ஜிஎஃப் என்ற இன்னொரு காரணியைச் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். மருந்து போட்ட காயங்கள் சில நாட்கள் முன்னதாக ஆறின. நம் நாட்டில் ஐதராபாத்தின் பாரத் பயோடெக் ஈஜிஎஃப் ஜெல் தயாரிக்கிறது.

எல்லை ஒன்றும் இருக்கிறது. வளர்ச்சிக் காரணி ஒரு சிக்னல். சிக்னலை வாங்க அங்கே உயிருள்ள செல் இருக்க வேண்டும். பாதி ஆழம் எரிந்த தோலில் முடிவேரிலும் வியர்வைச் சுரப்பியிலும் மிச்சமிருக்கும் செல்கள் அதைக் கேட்டு வளரும். முழு ஆழமும் எரிந்த இடத்தில் கேட்க ஆளில்லை. அங்கே இன்றும் ஒட்டுத்தோல்தான், கத்திதான். தவிர, காயத்தில் இருக்கும் நொதிகள் இந்தப் புரதத்தைச் சீக்கிரமே சிதைத்துவிடும். எனவே மெதுவாகக் கசியவிடும் ஜெல், நானோ இழை, செயற்கைத் தோல் சட்டகம் என்று வேலை நடக்கிறது. இங்கேதான் நம்மைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்கு இடம்.

நமக்கு என்ன?

முதலில் வீட்டு விஷயம். தீக்காயம் பட்டால் நம்ம வீடுகளில் இன்னும் பற்பசை, இங்க், மாவு, காபித்தூள் என்று எதையாவது அப்புகிறோம். டானிக் அமிலத்தின் தம்பி தங்கைகள்தான் இவை. பட்ட உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. ஐஸ் வேண்டாம். வீங்கும் முன்னால் மோதிரம், வளையலைக் கழற்றிடுங்க. சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குப் போங்க.

அடுத்தது ப்ராஜெக்ட் விஷயம். காயத்துக்கான ஜெல் பற்றியோ சட்டகம் பற்றியோ ஆய்வறிக்கை எழுதும்போது, எத்தனை நாளில் எத்தனை சதவீதம் மூடியது என்று ஒரு வரைபடம் போடுவோம். அது தேவைதான். மெக்கிண்டோ இருந்தால் அதற்குப் பக்கத்தில் வேறு சில கேள்விகளையும் வைப்பார். அந்த விரல்கள் ஸ்பூனைப் பிடிக்கிறதா? கண் மூடித் தூங்க முடிகிறதா? அந்த ஆள் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போகிறாரா? பக்கத்து சீட்டில் யாராவது உட்காருகிறார்களா?

கடைசிக் கேள்விக்கு எந்தப் புரதத்தாலும் பதில் சொல்ல முடியாது. பஸ்ஸில் நாம் உட்காருகிற இடம்தான் அதற்குப் பதில். அமிலத்திலும் அடுப்பிலும் எரிந்த முகங்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. அடுத்த முறை பார்த்தால் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த ஊரில் 2014-இல் மெக்கிண்டோவுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். செய்தவர் மார்ட்டின் ஜென்னிங்ஸ்; அவருடைய அப்பாவே போரில் தீக்காயம் பட்டு மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவர். சிலையில் கை எரிந்த இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் மெக்கிண்டோ நிற்கிறார். அவர் கையில் கத்தியோ மருந்தோ இல்லை. அந்தப் பையனின் தோளில் இருக்கிறது.

அடுத்த இதழில் இன்னொருவரோடு சந்திப்போம்.